எண்ணெய் தேய்த்துக் குளித்த யானைப்படை

ரோமாபுரி மேல் எத்தனையோ பேர் படையெடுத்திருக்கிறார்கள். ஆனால் வாடிக்கையாளரின் வாயில் பல் அச்சு இறுகும் இடைவெளியில் எழுந்து போய்ப் படையெடுத்துவிட்டு வந்தவர், எனக்குத் தெரிந்து, ஹட்டன் ஜெனரல் ஒருவர்தான்.

ஜெனரல் என்றதும் தொப்பி, நட்சத்திரம், ஜீப் வண்டி என்று கற்பனை செய்துவிட வேண்டாம். தொழில், பொய்ப்பல் கட்டுவது. இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டுத் தெருவில் அவருடைய வீடு. முன்னறை பல் கட்டும் இடம், நடு அறை போர்க்களம், பின்னறை சமையல். பிறந்தது திம்புள்ள பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அதைச் சொல்லித் தேடினால் தெருக்காரர்களே "அப்படி யாரும் இல்லீங்களே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான் பட்டம் முடித்து, ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்த காலம். டியூட்டரியில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டு அந்த வீட்டின் மேலறையில் போர்டிங் இருந்தேன். சாப்பாட்டோடு அறை என்றுதான் சொன்னார்கள். சாப்பாட்டு மேசை யுத்த பூமி என்பதை யாரும் சொல்லவில்லை.

முதல் நாள் இரவு சோற்றுத் தட்டோடு வந்து மேசையில் உட்கார்ந்தேன். எதிரே ஒரு மெலிந்த மனிதர், நெற்றியில் பூதக்கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, சுண்டுவிரல் உயரச் சிப்பாய் ஒருவனுக்குக் கண்விழி வைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"தங்கச்சி, தட்டைக் கொஞ்சம் தள்ளி வைங்க. ஆத்துல வச்சிருக்கீங்க."

பார்த்தேன். மேசையின் குறுக்கே நீல வர்ணத்தில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. என் பருப்புக் கறி அதன் நடுவில் அணை கட்டி நின்றது.

"கரையில வைக்கலாமா?" என்றேன்.

"கரையில குதிரைப்படை நிக்குது. மலைக்கு அந்தாண்ட வைங்க, அங்க இன்னும் சண்டை வரல."

பின்னறையிலிருந்து அவர் மனைவி சரசு அக்காவின் குரல் வந்தது. "புள்ள, நீ மலைமேலயே வச்சுச் சாப்பிடு. நான் பாத்துக்கிறேன்."

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சதுரங்கத்துக்கும் கொலு பொம்மைக்கும் கல்யாணமாகிப் பிறந்த பிள்ளை இது. சரித்திரத்தில் நடந்த ஒரு போரை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து வீரர்கள் குட்டிக் குட்டியாக, பிளாஸ்டிக் சட்டத்தில் காய்த்துத் தொங்கியபடி பெட்டியில் வருவார்கள். வெட்டி எடுத்து, ஒட்டி, வர்ணம் தீட்டி, மேசையில் அணிவகுக்க வேண்டும். யார் எவ்வளவு தூரம் நகரலாம் என்று நாடாவால் அளக்க வேண்டும். யார் விழுவது, யார் நிற்பது என்பதைத் தாயக்கட்டை சொல்லும். ஒரு சண்டைக்கு அரை நாள் போதும். அதற்கான படையைத் தயார் செய்ய ஆயுசு போதாது.

ஜெனரலின் படை, ஆப்பிரிக்காக் கரையிலிருந்து யானைகளோடு புறப்பட்டு, பனிமலை ஏறி இறங்கி, இத்தாலிக்குள் போய் ரோமாபுரியை மிரட்டிய பழைய காலத்துப் படை. ஏன் இந்தப் படை என்று ஒருநாள் கேட்டேன்.

"நம்ம ஆளுங்க மாதிரிதான் தங்கச்சி. கடல் தாண்டி வந்து, குளிருல மலையேறுனவங்க. நமக்குக் கொழுந்துக் கூடையைக் குடுத்தாங்க. அவங்களுக்கு யானையைக் குடுத்தாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

அதனால் அந்தப் படையின் பதவிகள் எல்லாம் தோட்டத்துப் பதவிகள். பெரிய யானை மேல் அமர்ந்த தளபதிக்குப் பெரிய தொரை என்று பெயர். குதிரைப்படையை நடத்துகிறவர், தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா. பத்து ஈட்டிக்காரருக்கு ஒரு கங்காணி. தினமும் காலையில் கடை திறக்கும் முன் ஜெனரல் மேசையருகே நின்று, தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பது போலப் பெரட்டு எடுப்பார். "எல்லாரும் வந்தாச்சா? யாரு அது, ஈட்டி இல்லாம நிக்கிறது? அரைப் பேருதான் உனக்கு, அரை நாள் சம்பளம்." பிறகு பசையை எடுத்து ஈட்டியை ஒட்டிவிடுவார். சுமை தூக்குகிறவர்களுக்கும் சோறாக்குகிறவர்களுக்கும்தான் முதலில் வர்ணம். பெரிய தொரை கடைசிவரை வெறும் சாம்பல் பிளாஸ்டிக்காகவே நிற்பார். "தொரைக்கு என்ன அவசரம், அவரு பங்களாவுலதானே இருக்காரு."

எதிர்ப்படை ரோமாபுரி. அதன் தலைவர் பண்டார. ரயில்வேயில் வேலை. ஹட்டனிலேயே பிறந்து வளர்ந்த சிங்களவர். தமிழில் சண்டை போடுவார், தோற்கும்போது மட்டும் சிங்களத்துக்குத் தாவுவார். அவர் தாவி நான் பார்த்ததே இல்லை. ஏனென்றால் அவர் தோற்றதே இல்லை.

ஜெனரல் ஏன் ஒவ்வொரு முறையும் தோற்கிறார் என்பது விஞ்ஞானம் படித்த எனக்கு இரண்டாவது சண்டையிலேயே புரிந்துவிட்டது. வாரக்கணக்கில் உட்கார்ந்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் யானையின் கால் நகம் வரைக்கும் தீட்டியவருக்கு, அதை முன்னால் அனுப்ப மனம் வராது. யானையைக் காட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, காலாட்களை வைத்துச் சமாளிப்பார். பண்டார பொறுமையாக வந்து காட்டைச் சுற்றி வளைப்பார்.

"மச்சாங், யானையை வெளிய விடு."

"மழை வர்ற மாதிரி இருக்கு, மச்சான்."

"மேசையில எங்க மழை?"

"ஹட்டன்ல எங்கதான் மழை இல்ல?"

இப்படி இருக்கும்போதுதான் புது யானைப் பெட்டி வெளிவந்தது. இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று அதன் படத்தைப் போட்ட அன்று ஜெனரல் கைபேசியைப் பல் கட்ட வந்தவர்களிடமெல்லாம் நீட்டினார். வாயில் அச்சுத் தட்டோடு இருந்த மனிதர்கள் "ம்ம்" என்றார்கள். அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டு பெட்டிக்குச் சொல்லியனுப்பினார். அதன்பிறகு தபால்காரர் தெருவில் நுழைந்தாலே கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்.

பெட்டி வந்த அன்று கடைக்கு விடுமுறை. பல் பிடுங்கும் பக்குவத்தோடு சட்டத்திலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்தார். தும்பிக்கை தூக்கிய யானை, பின்னங்காலில் எழும் யானை, காதில் கிழிசலோடு ஒரு கிழட்டு யானை. கூடவே புது வர்ணங்கள், கண்ணுக்கு விடும் சொட்டு மருந்துப் போத்தல் மாதிரி. அதில் ஒரு வர்ணம், தடவினால் தானாகவே ஓடிப்போய்ச் சுருக்கங்களில் தங்கி நிழல் உண்டாக்கும். ஒரே தடவல், யானைத் தோல் சுருங்கி உயிர் வந்துவிட்டது. நான் அந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டேன். அடுத்த ஞாயிறே கேக் சுடும் தாளையும் ஈரப் பஞ்சையும் வைத்து வர்ணம் காயாத தட்டுச் செய்து, சுமைகாரர்களுக்கு வேட்டி தீட்டிக்கொண்டிருந்தேன்.

தும்பிக்கை தூக்கிய யானைக்கு ஒரு தந்தம் முறிந்திருந்தது. "புதுசா கேட்டு எழுதலாமே" என்றேன். ஜெனரலுக்குப் பொறுமையில்லை. கைக்கெட்டிய ஒரு பொய்ப்பல்லை எடுத்து, ராவி, வளைத்து, ஒட்டிவிட்டார். அசல் தந்தம் தோற்றது.

மறுநாள் காலை ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் தம் மேல்வரிசைப் பல்லை வாங்க வந்தார். வாயில் போட்டுப் பார்த்தார். நாக்கால் துழாவினார்.

"ஒண்ணு கொறையுதே."

ஜெனரல் பொய் சொல்லத் தெரியாதவர். "அது யானை வாயில இருக்குங்கய்யா."

கங்காணி ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எந்த யானை?"

நடு அறைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். பெரியவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஆள் கூப்பிட்டுச் சத்தம் போடுவார் என்று நான் கதவோரம் நின்றேன்.

"எனக்கு இருந்ததைவிட இதுக்கு எடுப்பாத்தான் இருக்கு. அதுவே வச்சுக்கட்டும். எனக்கு வேற ஒண்ணு வச்சுக் கட்டுங்க."

அன்றிலிருந்து அது கங்காணி ஐயாவின் யானை. டவுனுக்கு இறங்கும்போதெல்லாம் வந்துவிடுவார். "நம்ம யானை எப்படி இருக்கு? சண்டைக்கு விட்டீங்களா? விடாதீங்க, பல்லு ஆடிறப் போவுது."

ஒருமுறை அவருக்குச் சரசு அக்கா தேநீர் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை உற்றுப் பார்த்தார் ஐயா. வாழ்நாள் முழுக்கத் தேயிலையோடு கிடந்த நாக்கு அது.

"தாயி, இந்தத் தேயிலை ஏற்கனவே ஒரு தடவ செத்துப்போச்சு."

அக்கா டின்னைத் திறந்து பார்த்தார். போர்க்களத்துக்கு மண்ணாகத் தூவுவதற்காக, வடித்த தேயிலையைக் காயவைத்து ஜெனரல் சேர்த்து வைத்திருந்த டின் அது. அதற்குள் அக்கா ரோமாபுரிச் சமவெளியில் பாதியை விருந்தாளிகளுக்கு ஊற்றிக் கொடுத்திருந்தார்.

பண்டார அந்தச் செய்தியைச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல ஜெயித்துவிட்டு, தம் வீரர்களைப் பிஸ்கட் டின்னில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மச்சாங், விசா வந்துட்டு."

அவர் மனைவி சில வருடங்களாக இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். இவரும் அங்கே போகப் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வராத விசாவைத் தெரிந்துவைத்திருப்பது வேறு, வந்த விசாவைக் கேட்பது வேறு.

ஜெனரல் ஒரு ஈட்டியை ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டினார், மீண்டும் ஒட்டினார், ஒட்டிய ஈட்டியையே மூன்றாம் முறையும் ஒட்டினார்.

"எப்ப?"

"தீபாவளி முடிஞ்சு அடுத்த கிழமை."

"அப்ப தீபாவளி அன்னைக்குச் சாப்பிட வா. கடைசிச் சண்டை. புது யானை எல்லாம் எறங்கும்."

"காட்டுக்குப் பின்னாலதானே?"

"முன்னாலதான். ஒரு தடவையாவது ஒன்ன ஜெயிச்சுட்டுத்தான் அனுப்புவேன், மச்சான்."

அதை அவர் சிரிக்காமல் சொன்னார். அந்த வீட்டில் எனக்கு அதுவரை எதுவும் விளையாட்டில்லாமல் தோன்றியதில்லை. அன்று தோன்றியது.

அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. முழுதாக வர்ணம் பூசாத சிப்பாய் களத்தில் இறங்கக்கூடாது. ஆகவே வீடே வர்ணக் கூடமானது. குளிர்பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் தோல் நிறம், மீனுக்கு மேல் வெண்கலம். பல் கட்ட வந்தவர்களுக்கு அடுத்த கிழமை, அதற்கடுத்த கிழமை என்று தவணை. "பல்லில்லாமத் தீபாவளி முறுக்கை எப்படிக் கடிக்கிறது?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். "அதிரசம் சாப்பிடுங்க, அது நல்லது" என்று அனுப்பிவிட்டார் ஜெனரல். பெரிய தொரைக்குக்கூட வர்ணம் கிடைத்தது.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை, மினுக்கம் போவதற்கும் வர்ணம் உதிராமல் காப்பதற்கும் வார்னிஷ் அடிப்பதுதான் பாக்கி. புது ஸ்பிரே டின். நான் டின்னில் எழுதியிருந்ததைப் படித்தேன்.

"அண்ணே, ஈரமான காலநிலையில அடிக்கக்கூடாதுன்னு போட்டிருக்கு."

"ஹட்டன்ல ஈரமில்லாத நாளு எது தங்கச்சி? அப்படிப் பாத்தா நம்ம ஊருல ஒருத்தன் வார்னிஷ் அடிக்க முடியுமா?"

கொல்லையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே பலகை போட்டுப் படையை நிறுத்தி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் அடித்துக்கொண்டே போனார். திரும்பிப் பார்த்தபோது படையைக் காணோம். பலகை மேல் தயிர்ச் சாதம் கொட்டியது போல எல்லாம் வெளுத்துப் போயிருந்தன. யானை, குதிரை, தொரை, கங்காணி எல்லாமே ஒரே வெள்ளை. வார்னிஷுக்குள் பனி புகுந்துவிட்டது. துடைத்துப் பார்த்தோம். ஊதிப் பார்த்தோம். அடுப்படிக்குக் கொண்டுபோய்ச் சூடு காட்டிப் பார்த்தோம். போகவில்லை.

"பனிமலை ஏறுற படைதானே அண்ணே, பனி படிஞ்ச மாதிரி…" என்று ஆறுதலுக்குத் தொடங்கினேன்.

ஜெனரல் என்னைப் பார்த்த பார்வையில் நான் மாடிக்குப் போய்விட்டேன்.

தீபாவளி விடியற்காலை. சரசு அக்கா நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வீடு முழுக்கச் சுற்றி வந்தார். என் தலையில் ஒரு கை வைத்து அழுத்தித் தேய்த்துவிட்டு நடு அறைக்குப் போனார். ஜெனரல் வெளுத்த படைக்கு முன்னால் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்க. எண்ணெ வச்சுக் குளிங்க."

"என் படையே பொணமாக் கெடக்கு. எனக்கு என்னத்துக்குக் குளியல்?"

"தீபாவளி அன்னைக்கு எண்ணெ வைக்காம இந்த வீட்டுல ஒருத்தரும் இருக்கக்கூடாது."

"அப்ப அதுகளுக்கும் வையி."

அக்கா ஒரு நொடி அவரைப் பார்த்தார். "வைக்க மாட்டேன்னு நெனைச்சீங்களா?" விரலைக் கிண்ணத்தில் தோய்த்து, கங்காணி ஐயாவின் யானை உச்சந்தலையில் ஒரு சொட்டு வைத்தார். "இந்தா, ஒனக்கும் தீபாவளி."

யானையின் உச்சந்தலை கறுத்தது. வெண்மை விலகி, தோலின் சுருக்கம், நெற்றியில் தீட்டிய சிவப்புப் பட்டம் எல்லாம் சேற்றுக்குள்ளிருந்து எழுவது போல எழுந்து வந்தன. பனி வார்னிஷில் உண்டாக்கியிருந்த நுண்ணிய குழிகளை எண்ணெய் போய் நிரப்பிவிட்டது என்று விஞ்ஞான விளக்கம் ஒன்றை நான் ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. ஜெனரல் தூரிகையை எண்ணெயில் தோய்த்துவிட்டார்.

அன்று காலை அந்தப் படைக்கு எண்ணெய்க் குளியல் நடந்தது. ஜெனரல் யானைகளுக்கு, நான் குதிரைகளுக்கு, அக்கா காலாட்களுக்கு. "சீயக்காய் வேணுமா இவுங்களுக்கு?" என்று அக்கா கேட்டார். பழைய துணியால் ஒற்றி எடுத்தோம். வரிசையில் நிறுத்தியபோது அவர்கள்தான் அந்தத் தெருவிலேயே பளபளப்பான தீபாவளிக்காரர்கள். "கட்டிக்கிட்டது பல்லுக் கட்டுறவரைன்னு நெனைச்சேன், ஒரு பட்டாளத்தையே கட்டியிருக்கேன்" என்று அக்கா முணுமுணுத்தார். ஆனால் கடைசிச் சுமைகாரனைத் துடைத்து வைத்தபோது அவன் கன்னத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் வைத்தார்.

மதியம் பண்டார வந்தார். ஆட்டுக்கறியும் அதிரசமும் முடிந்து மேசைக்கு வந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

"மச்சாங், ஒன் படை வடை மாதிரி மணக்குதே."

"தீபாவளிப் படை. கிட்ட வந்தா வழுக்கும்."

உண்மையிலேயே வழுக்கியது. ரெஜிபோம் எனும் வெள்ளைத் தக்கையில் செய்த மலையின் சரிவில் நிறுத்திய யானைகள் அளக்காமலே முன்னேறின. பண்டார ஆட்சேபம் செய்தார். "ரெண்டு அங்குலம் தானா போய்ட்டு." "யானைக்கு ஆசை வந்துருச்சு" என்றார் ஜெனரல். அந்த ஆசையை அவர் தடுக்கவும் இல்லை. முதன்முறையாக யானைகள் காட்டுக்கு முன்னால் நின்றன. ஒவ்வொன்றாக இறங்கின. விழுந்த ஒவ்வொரு யானையையும் எடுத்து, துடைத்து, அலமாரியில் நிறுத்தினார். ஆனால் அடுத்ததை அனுப்பினார். ரோமாபுரி வரிசை கலைந்தது. பண்டார, என் கண் முன்னால், சிங்களத்துக்குத் தாவினார்.

கங்காணி ஐயா நடுவில் வந்து சேர்ந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவருடைய யானை ஒன்றுதான் அப்போது மிச்சம். தும்பிக்கையைத் தூக்கியபடி ரோமாபுரித் தளபதியின் எதிரே நின்றது.

ஒரே ஒரு வீச்சு. கட்டையில் ஒன்று என்ற எண் மட்டும் விழாமலிருந்தால் ஜெனரல் வென்றார்.

தாயக்கட்டையைக் கைக்குள் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே பண்டாரவைப் பார்த்தார். பண்டார மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தம் வீரர்களை எந்த டின்னில் யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்று யோசிப்பவர் போல. குலுக்கல் நின்றது.

"சரசு, வெளக்கு வச்சாச்சா?"

"இப்பத்தான் வச்சேன்."

"அந்தக் காலத்துல பொழுது சாஞ்சாச் சண்டையை நிப்பாட்டிருவாங்க" என்றார் ஜெனரல். தாயக்கட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

கங்காணி ஐயா எழுந்துவிட்டார். "என்னங்க இது, என் யானை தும்பிக்கையைத் தூக்கிக்கிட்டு நிக்குது. போடுங்கங்கிறேன்."

"போடு மச்சாங். நீ ஜெயிச்சுட்ட" என்றார் பண்டார.

"இன்னும் போடலையே. நீ போ மச்சான். யானையோட மலையேறி இத்தாலிக்கு வர்றதுதான் இந்தப் படையோட வேலை, சரித்திரத்துல அப்படித்தான் இருக்கு. மிச்சத்தை அங்க வந்து போடுறேன். இல்லேன்னா நீ லீவுக்கு வா."

பண்டார எழுந்தார். பிஸ்கட் டின்னைத் திறந்தார், மூடினார். ரோமாபுரிப் படையை மேசையிலேயே விட்டுவிட்டு, வெறும் டின்னில் சரசு அக்கா போட்டுக் கொடுத்த முறுக்கோடு படியிறங்கிப் போனார்.

மறுநாள் ஜெனரல் மேசை மேல் பெரிய பொலித்தீன் விரிப்பைப் போட்டு மூடினார். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினோம். அக்கா ஒருநாளும் முணுமுணுக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். தினமும் முணுமுணுத்தார். தினமும் விரிப்பைத் தூக்கித் தூசியும் தட்டினார். சட்டைப்பையில் தாயக்கட்டை கிலுகிலுக்க ஜெனரல் பல் கட்ட வந்தவரின் வாய்க்குள் குனியும்போது, தங்கள் பல்தான் அதற்குள் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஆட்கள் பையையே பார்ப்பார்கள்.

எனக்கு நியமனம் ராகலைப் பக்கம் கிடைத்து வந்துவிட்டேன். பண்டார இன்னும் லீவுக்கு வரவில்லை. போன மாதம் ஹட்டன் போனபோதும் தரையில்தான் சோறு. கங்காணி ஐயாவின் யானை இன்னும் தும்பிக்கையை இறக்கவில்லை.

ராகலையில் என் அறையில் நல்ல அகலமான மேசை ஒன்று இருக்கிறது. அதில் நான் இதுவரை தட்டு வைத்ததில்லை. என்றைக்காவது ஒரு படை மலையேறி வந்தால் நிற்க இடம் வேண்டுமே.